முட்டி வலியோடு பாஸ்டன் மாரத்தான் ஓடலாமா? ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது ஏன்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வழக்கமாக ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கள்கிழமை நடக்கிறது பாஸ்டன் மாரத்தான். 1897-ல் தொடங்கிய இந்தப் போட்டிதான், ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களில் உலகிலேயே பழமையானது. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் மட்டும் இதில் ஓடிவிட முடியாது. வேறொரு மாரத்தானில், வயதுக்கேற்ற தகுதி நேரத்துக்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டி வருபவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்தான் விலக்கு.

அப்படிப் பல வருடம் உழைத்து இடம் பிடித்தவருக்கு, போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முட்டியில் வலி வந்தால்? ஓடலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெரும்பாலானவர்கள் பயப்படுவது 'ஹார்ட்பிரேக் ஹில்' என்ற ஏற்றத்தை நினைத்துத்தான். ஆனால் காயம்பட்ட முட்டிக்கு உண்மையான சோதனை அந்த ஏற்றம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் வரும் இறக்கங்கள்தான். அது ஏன்? எந்த வலியோடு ஓடலாம், எந்த வலி வந்தால் நின்றுவிட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பாஸ்டன் பாதை எப்படி இருக்கும்?

ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் புறப்பட்டு, பாஸ்டன் நகரின் பாய்ல்ஸ்டன் வீதியில் முடிகிறது 42.195 கி.மீ. தூரப் பாதை. புறப்படும் இடத்தைவிட முடியும் இடம் சுமார் 140 மீட்டர் தாழ்வாக இருக்கிறது. அதாவது மொத்தக் கணக்கில் இது மேலே ஏறும் பாதை அல்ல, கீழே இறங்கும் பாதை.

முதல் ஒன்றரை கிலோமீட்டரிலேயே சாலை சுமார் 40 மீட்டர் இறங்கிவிடுகிறது. முதல் ஆறரை கிலோமீட்டருக்குள் சுமார் 90 மீட்டர் இறக்கம் முடிந்துவிடும். உடம்பு புத்துணர்ச்சியோடு இருக்கும். பக்கத்தில் ஓடுபவர்கள் எல்லாம் வேகமாகப் போவார்கள். "சும்மா காலை விட்டாலே ஓடுது" என்று தோன்றும். முட்டிக்கான கடன் ஏறத் தொடங்குவது இங்கேதான்.

நடுவே மேடு பள்ளமாகச் செல்லும் சாலை, சுமார் 26-வது கி.மீ.யில் சார்லஸ் ஆற்றை நோக்கிச் சட்டென்று கீழே இறங்கும். அதன்பிறகு நியூட்டன் பகுதியில் வரிசையாக நான்கு ஏற்றங்கள் வருகின்றன. நான்காவதுதான் 'ஹார்ட்பிரேக் ஹில்'. இது சுமார் 600 மீட்டர் நீளம் கொண்டது. ஏறும் உயரம் 27 மீட்டர்தான். ஆனால் 33 கி.மீ. ஓடி முடித்த கால்களுக்கு அது மலையாகத் தெரியும்.

அதைத் தாண்டியதும் பாஸ்டன் கல்லூரி வழியாக மறுபடியும் இறக்கம். "அப்பாடா, ஏத்தம் முடிஞ்சுது" என்று நிம்மதி அடைபவர்களில் பலருக்கு முட்டி மக்கர் செய்வது இந்த இடத்தில்தான்.

'ஹார்ட்பிரேக் ஹில்' என்ற பெயர் எப்படி வந்தது?

1936-ம் ஆண்டு போட்டியில், முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜான் கெல்லி, முன்னணியில் இருந்த எலிசன் 'டார்ஸன்' பிரௌனை நியூட்டன் ஏற்றங்களில் எட்டிப் பிடித்தார். கடக்கும்போது பிரௌனின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அதில் சீண்டப்பட்ட பிரௌன் வேகமெடுத்து, கெல்லியை முந்தி வெற்றி பெற்றார். கெல்லி ஐந்தாவதாகத்தான் வந்தார். கெல்லியின் நெஞ்சு உடைந்த இடம் என்று 'பாஸ்டன் குளோப்' பத்திரிகையின் ஜெர்ரி நேசன் எழுத, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இறக்கம் என்றால் சுலபம்தானே?

மூச்சுக்குச் சுலபம். முட்டிக்கு அல்ல.

பாஸ்டன் பாதையின் இறக்கம் ஓட்டத்தை வேகமாக்கும் என்பது உண்மைதான். 2011-ல் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் இங்கே 2 மணி 3 நிமிடம் 2 வினாடியில் ஓடினார். அப்போதைய உலக சாதனை 2:03:59. ஆனாலும் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. சாதனைக்குக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால், மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பாஸ்டனில் அது 3 மீட்டரைத் தாண்டுகிறது. புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் பற்றிய விதிக்கும் இந்தப் பாதை பொருந்தவில்லை.

ஆனால் இறக்கம் தரும் இந்த வேகத்துக்கான விலையைக் கொடுப்பது தொடையும் முட்டியும்தான்.

இறங்கும்போது முட்டிக்குள் என்ன நடக்கிறது?

மலைக்கோயில் படி ஏறி இறங்கியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி நடுங்கும்.

ஏற்றத்தில் தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறக்கத்தில் அதே தசை பிரேக் போடும் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு காலடியிலும் முட்டி மடங்கும்போது, உடல் முன்னால் விழாமல் தசை இழுத்துப் பிடிக்கிறது. அதாவது நீண்டுகொண்டே இழுக்கிறது. தசைநார்களில் நுண்ணிய சேதம் அதிகமாக ஏற்படுவது இந்த வகை வேலையில்தான். இழுக்கும் தசைக்கும் கால் எலும்புக்கும் நடுவில் கப்பி போல இருப்பது முட்டிச்சில்லு. தசை எவ்வளவு இறுக்கமாக இழுக்கிறதோ, அவ்வளவு அழுத்தத்தோடு இந்தச் சில்லு தொடை எலும்பின் மேல் பதிகிறது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. சமதளத்தோடு ஒப்பிட்டால், 9 டிகிரி இறக்கத்தில் ஓடும்போது கால் தரையில் மோதும் விசையின் உச்சம் 54 சதவீதம் அதிகமாக இருந்தது. பிரேக் போடும் விசை 73 சதவீதம் கூடியது. அதே 9 டிகிரி ஏற்றத்தில் ஓடியபோது, அந்த மோதல் உச்சம் கிட்டத்தட்ட காணாமலே போனது.

பாஸ்டன் சாலை 9 டிகிரி அளவுக்குச் செங்குத்தானது இல்லை. ஆனால் ஒரு மாரத்தானில் ஒருவர் ஏறத்தாழ 35,000 முதல் 40,000 காலடிகள் வைக்கிறார். சிறிய கூடுதல் சுமை என்றாலும் அது ஆயிரக்கணக்கான முறை விழுகிறது. முதல் 10 கி.மீ.யில் களைத்துப்போன தொடைத் தசை, கடைசி 8 கி.மீ.யில் அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போகும். அப்போது அந்தச் சுமை மூட்டின் மீது இறங்குகிறது.

எல்லா முட்டி வலியும் ஒன்றா?

இல்லை. ஓட்டக்காரர்களுக்கு வரும் முட்டி வலிகளில் முக்கியமானவை நான்கு. வலி எங்கே இருக்கிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

* முட்டிச்சில்லைச் சுற்றி வலி: ஓட்டக்காரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். படி இறங்கும்போதும், சினிமா பார்ப்பது போல ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் வலிக்கும். இறக்கம் இதை அதிகப்படுத்தும்.

* முட்டியின் வெளிப்பக்கம் வலி: இடுப்பிலிருந்து முட்டியின் வெளிப்பக்கம் வரை ஓடும் தடித்த பட்டையில் வரும் பிரச்சினை. ஓட்டக்காரர்கள் 'ஐ.டி. பேண்ட்' என்பார்கள். முதல் சில கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட தூரம் வந்ததும் கத்தியால் குத்துவது போல ஆரம்பிக்கும். இறக்கத்தில் மோசமாகும். நடந்தால் குறையும், ஓடினால் திரும்ப வரும்.

* சில்லுக்குக் கீழே வலி: முட்டிச்சில்லைக் கால் எலும்போடு இணைக்கும் தசைநாணில் வரும் வலி. முதலில் வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, மறுநாள் காலையில் இரட்டிப்பாகத் திரும்பி வருவது இதன் குணம்.

* மூட்டுக்கு உள்ளே வலி: இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கலாம். முட்டி வீங்கும். சில நேரம் மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

முதல் மூன்றும் பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுமையால் வருபவை. பயிற்சியைக் குறைத்து, தொடை, இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டினால் படிப்படியாகச் சரியாகும். நான்காவது அப்படி அல்ல. அதை மருத்துவர் பார்க்காமல் ஓட்டத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது.

எந்த அறிகுறி இருந்தால் ஓடவே கூடாது?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் புறப்படும் கோட்டுக்குப் போக வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை.

* முட்டி வீங்கியிருப்பது, தொட்டால் சூடாக இருப்பது
* காலை முழுவதும் நீட்டவோ மடக்கவோ முடியாமல் இருப்பது
* முட்டி சிக்கிக்கொள்வது, அல்லது திடீரென நழுவி விடுவது போல உணர்வது
* சாதாரணமாக நடக்கும்போதே நொண்டுவது
* ஓய்வில் இருக்கும்போதும், இரவில் தூங்கும்போதும் வலிப்பது
* எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் கடுமையாக வலிப்பது. இது எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம்

இவை எதுவும் இல்லை, லேசான வலி மட்டும்தான் என்றால்? பிசியோதெரபிஸ்ட்கள் பொதுவாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 10-க்கு எத்தனை என்று வலிக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஓடும்போது வலி 2 அல்லது 3-ஐத் தாண்டாமல், 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது சமாளிக்கக்கூடிய வலி. மறுநாள் படி இறங்கும்போது வலி கூடியிருந்தால், முட்டி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு படியில் நின்று, வலி இருக்கும் காலை மடக்கி, மற்றக் காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பத்து முறை செய்யும்போது வலி கூடிக்கொண்டே போனாலோ, முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து நடுங்கினாலோ, அந்தக் கால் பல கிலோமீட்டர் இறக்கத்துக்குத் தயாராக இல்லை. இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே.

ஓடலாம் என்று முடிவானால், எப்படி ஓடுவது?

முதல் ஆறரை கி.மீ.யில் அடக்கம்: இங்கே சம்பாதிக்கும் ஒரு நிமிடத்துக்குக் கடைசியில் பத்து நிமிடம் கொடுக்க நேரலாம். சமதளத்தில் ஓட நினைத்த வேகத்தைவிட கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வினாடி மெதுவாகப் போவது நல்லது.

சின்னச் சின்ன அடி: ஒரு நிமிடத்தில் வைக்கும் காலடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டி மேல் விழும் சுமை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 முதல் 176 வரை போகலாம். வேகத்தைக் கூட்டாமல் அடியை மட்டும் சுருக்க வேண்டும். காலை முன்னால் நீட்டி, உடலைப் பின்னால் சாய்த்து இறங்குவதுதான் பிரேக் விசையை அதிகமாக்கும்.

சாலையின் நடுப்பகுதி: மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரங்கள் சரிவாக இருக்கும். ஒரே ஓரத்தில் மணிக்கணக்கில் ஓடினால் ஒரு கால் உயரமும் மறு கால் பள்ளமுமாகப் போகும். வெளிப்பக்க வலி உள்ளவர்கள் கூடுமானவரை நடுவில் ஓடுவது நல்லது.

ஏற்றத்தில் பயப்பட வேண்டாம்: நியூட்டன் ஏற்றங்களில் முட்டி பெரும்பாலும் ஒத்துழைக்கும். அடியைச் சுருக்கி, மூச்சைக் கவனித்து ஏறலாம். நடந்தாலும் தவறில்லை. உச்சியைத் தாண்டியதும் வேகமெடுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

நடப்பதும் ஒரு வழிதான்: கடைசி அணி புறப்பட்டதிலிருந்து 6 மணி நேரம் வரை முடிப்பவர்களுக்கு அதிகாரப்பூர்வ நேரம் கிடைக்கும். அதாவது சராசரியாகக் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். மூன்றரை மணி நேரத்தில் ஓடித் தகுதி பெற்றவருக்கு, இறக்கங்களில் நடந்து, மற்ற இடங்களில் மெதுவாக ஓடினாலே நேரம் போதும். 'வேகமாக ஓடு, இல்லையென்றால் விட்டுவிடு' என்ற இரண்டே வழிதான் என்று நினைக்க வேண்டியதில்லை.

எங்கே நிற்பது என்று முன்பே முடிவு செய்ய வேண்டுமா?

ஆமாம். ஓட்டத்தின் நடுவில், கூட்டம் ஆரவாரம் செய்யும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. சுமார் 10 கி.மீ.யில் ஃப்ரேமிங்ஹாம், 21 கி.மீ.யில் வெல்லஸ்லி, 26 கி.மீ.யில் ஆற்றை நோக்கிய இறக்கம் என மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்விகள்: வலி 10-க்கு எத்தனை? நான் நொண்டுகிறேனா?

நொண்ட ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. நொண்டும்போது இன்னொரு கால், இடுப்பு, கணுக்கால் எல்லாம் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கின்றன. ஒரு காயத்தோடு போனவர் இரண்டு காயத்தோடு திரும்புவது அப்படித்தான். பாதை நெடுக மருத்துவ உதவி நிலையங்கள் இருக்கின்றன. ஃப்ரேமிங்ஹாம், நேட்டிக், வெல்லஸ்லி வழியாக ரயில் போகிறது. சுமார் 27-வது கி.மீ. அருகே உட்லேண்ட் ரயில் நிலையம் இருக்கிறது. அதனால் நிறுத்த முடிவெடுப்பவர் நடுவழியில் தவிக்க வேண்டியதில்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

பலர் செய்வது இதுதான். ஆபத்தும் இதில்தான். மாத்திரை வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. நிறுத்தச் சொல்லும் ஒரே எச்சரிக்கை மணியை நாமே அணைத்தது போலாகிவிடும்.

இன்னொரு பிரச்சினை சிறுநீரகம். நீண்ட ஓட்டத்தின்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறையும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் அதை மேலும் குறைக்கக்கூடும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 80 கி.மீ. ஓடியவர்களில் இபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தென்பட்டது.

ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஓடுவதும் நல்லதல்ல. தசைநாணைப் பலவீனப்படுத்தும் வாய்ப்பு அதற்கு உண்டு. முட்டிக்குப் போடும் பெல்ட், டேப் போன்றவை சிலருக்கு வலியைக் குறைக்கும். ஆனால் போட்டி நாளில் முதன்முறையாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. புது ஷூவுக்கும் இதே விதிதான்.

ஜோன் பெனாய்ட் மட்டும் எப்படி ஓடினார்?

முட்டிக் காயம் என்றாலே ஓட்டக்காரர்கள் சொல்லும் உதாரணம் ஜோன் பெனாய்ட். 1979-லும் 1983-லும் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். 1984 வசந்த காலத்தில், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வலது முட்டி பிடித்துக்கொண்டது. நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17-வது நாளில், மே 12 அன்று தகுதிப் போட்டியில் ஓடி முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த, ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் மாரத்தானில் தங்கமும் வென்றார்.

இதைக் கேட்டதும் "அவங்க ஓடலையா?" என்று தோன்றும். ஆனால் அவர் வலியைச் சகித்துக்கொண்டு ஓடவில்லை. என்ன காயம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அது சரிசெய்யப்பட்ட பிறகே ஓடினார். அப்படியும், அந்த முட்டிக்குச் சுமை கொடுக்காமல் ஓட முயன்றதில் மறு காலின் பின்தொடைத் தசை பாதிக்கப்பட்டது. உலகின் சிறந்த வீராங்கனைக்கே நடந்தது அது.

ஓட்டத்தை விட்டால் எவ்வளவு இழப்பு?

இழப்பு பெரியதுதான். 2026 போட்டிக்கு 18 முதல் 34 வயது ஆண்களுக்கான தகுதி நேரம் 2 மணி 55 நிமிடம், பெண்களுக்கு 3 மணி 25 நிமிடம். அதற்குள் ஓடினாலும் இடம் உறுதி இல்லை. 2025 போட்டிக்குத் தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 வினாடி வேகமாக ஓடியவர்களுக்கே இடம் கிடைத்தது. தகுதி இருந்தும் 12,000-க்கும் மேற்பட்டோர் திரும்ப வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் 2023 முதல் இடத்தைத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. சாதாரணக் காயத்துக்கு அந்த வசதி கிடையாது.

அதனால்தான் பலர் வலியை மறைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். ஆனால் கணக்கை இப்படியும் போட்டுப் பார்க்கலாம். சில வாரங்களில் ஆறக்கூடிய காயத்தோடு 42 கி.மீ. ஓடி அதைப் பல மாதக் காயமாக மாற்றிக்கொண்டால், இந்த ஆண்டு பதக்கம் கிடைக்கலாம். அடுத்த தகுதி ஓட்டம் கையை விட்டுப் போய்விடும்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடுமா?

ஓட்டமே முட்டிக்குக் கெடுதல் என்று நினைக்க வேண்டியதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரையின்படி, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு அல்லது முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஆனால் ஏற்கெனவே ஜவ்வு கிழிந்த முட்டி வேறு கதை. பழைய காயம் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்?

இறக்கத்துக்கும் பயிற்சி உண்டு. ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலியெடுத்த தொடைத் தசை, சில வாரங்கள் கழித்து அதே வேலையைச் செய்யும்போது குறைவாகவே சேதப்படுகிறது. அதனால் மேடு பள்ளமான சாலைப் போட்டிக்குத் தயாராகுபவர்கள், ஏற்றத்தில் மட்டும் பயிற்சி செய்யாமல் மெல்லிய இறக்கங்களிலும் சிறிது சிறிதாக ஓடிப் பழக வேண்டும். கடைசி நீண்ட இறக்கப் பயிற்சி போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் தொடை, இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

இப்போது முட்டி வலி இருப்பவர்கள் இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். முதலில் எலும்பு மூட்டு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பார்த்து, வலிக்கான காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். போகும்போது "ஏத்தம் ஓடலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். இறக்கத்தில் ஓடலாமா என்றும் கேளுங்கள்.